தொய்வு மருந்துகளும் தாதியர் மொழியும்: அரியாலையை முன்னிறுத்திச் சில அவதானங்கள்

கிழக்கு அரியாலையில், கடனீரேரிக்கு அண்மையில் வாழும் எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவரிடம், அவர் தொய்வு நோய்க்குப் பெற்றுவரும் மருந்துகளைக் காட்டுமாறு கேட்டோம். பிஸ்கற் ரின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அதனுள் கப்ஸ்யூல் பொதிகள் இருந்தன. அவற்றுக்குக் கீழே, மேலுறை பிரிக்கப்படாத நிலையில், அக்கப்ஸ்யூல்களை இட்டு மூச்சோடு உள்ளிழுப்பதற்குரிய சிறிய பிளாஸ்ரிக் கருவியும் இருந்தது. "உது என்னத்துக்கெண்டு எனக்குத் தெரியாது, பிள்ளை. குளிசையெண்டு தந்தவை; காலமையும் பின்னேரமும் ஒவ்வொண்டா விழுங்கினன்" என்றார். ஏழு மாதமாக விழுங்கியிருக்கிறார். அக்காலத்தில் இரு தடவை நள்ளிரவில் முட்டு முற்றி மருத்துவ நிலையம் ஒன்றிற் சேர்க்கப்பட்டிருக்கிறார். இரு தடவையும், "மருந்து கேட்கவில்லை" என்ற முடிவோடு மருந்தின் அளவு கூட்டப்பட்டிருக்கிறது. மருந்து அவரது நுரையீரலுக்கு ஒருநாளேனும் சென்றதில்லை என்பதை எவரும் கேட்டறியவில்லை.

இதனை ஒரு கிராமத்து மூதாட்டியின் அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் அது தவறாகும். மூச்சோடு இழுப்பதற்கான கப்ஸ்யூல்களை நோயாளர் விழுங்கிவிடுகின்றனர் என்று 2008 ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமே பகிரங்க எச்சரிக்கை விடுக்க நேர்ந்தது. எழுத்தறிவு மிக்க நாட்டிலும் நிகழும் தவறு இது. எனினும், எமது சூழலில் அதற்கு மொழிசார்ந்த காரணம் ஒன்றும் உண்டு. ஈழத்துப் பேச்சுவழக்கில் வில்லையாகவோ கூடாகவோ கையிற் கிடைக்கும் மருந்து எதுவாயினும் அது 'குளிசை'தான். குளிசை என்ற பெயரே விழுங்கு என்ற ஏவலைத் தன்னுள் கொண்டது. மருந்து கொடுத்தவர் அச்சொல்லைச் சொன்ன கணத்திலேயே, அறியாமலே, பிழையான செய்முறையையும் கற்பித்துவிட்டார்.

இலக்கிய ஆய்வாளர் மருந்துகளைப் பற்றி எழுதப் புகுவது அத்துமீறலாகச் சிலருக்குத் தோன்றலாம். நாம் மருந்தின் இரசாயனத்தைப் பற்றித் தீர்ப்புக் கூற முற்படவில்லை. எமது அக்கறை, மருந்துக்கும் மூச்சுக்கும் இடையில் நிற்கும் சொல்லைப் பற்றியது. அச்சொல்லைச் சொல்லவேண்டிய தாதியரின் உழைப்பைப் பற்றியது. விழுங்கும் மருந்து தொண்டையைக் கடந்ததும் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. உள்ளிழுக்கும் மருந்து அப்படியன்று. தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போது அது ஒரு முற்றுப்பெறாத பண்டம். விலை கொடுத்து வாங்கப்பட்டும் பயன்பெறுமதி அற்றதாகவே பிஸ்கற் ரின்னுக்குள் கிடக்கக்கூடியது. அதனை மருந்தாக்குவது, ஒருவர் மற்றொருவருக்குச் சொல்லிக்கொடுத்து, செய்துகாட்டி, செய்விக்கும் உழைப்பேயாகும்.

நோயின் இயல்பை முதலில் நோக்குதல் வேண்டும். தொய்வு நோயில் இரு நிகழ்வுகள் சேர்ந்து நடைபெறுகின்றன. மூச்சுக் குழாய்களைச் சுற்றியுள்ள தசைகள் திடீரென இறுகுவது ஒன்று. அக்குழாய்களின் உட்சுவர் அழற்சியுற்று, வீங்கி, சளி சுரந்து, எளிதிற் சீண்டப்படும் நிலையில் நாட்கணக்காகவும் ஆண்டுக்கணக்காகவும் இருப்பது மற்றையது. முதலாவது வந்து போவது; இரண்டாவது இருந்துகொண்டிருப்பது. இனி எமது சொற்களைப் பார்ப்போம். தொய்வு, முட்டு, இழுப்பு, இரைப்பு என்பன யாவும் வந்துபோவதன் பெயர்கள். மூச்சுத் தொய்கிறது, முட்டுகிறது, இழுக்கிறது. இருந்துகொண்டிருக்கும் அழற்சிக்கு மக்கள் வழக்கிற் பெயரில்லை. எனவே முட்டு விட்டதும் வருத்தம் விட்டதாகவே கொள்ளப்படுகிறது. இரு மருந்துகளில் எது மக்களின் நம்பிக்கையைப் பெறும் என்பதை இச்சொற்களே தீர்மானித்துவிடுகின்றன.

சல்பியூட்டமோல் சில நிமிடங்களிலே தசையைத் தளர்த்தி, நான்கு முதல் ஆறு மணித்தியாலம் வரை ஆறுதல் தருகிறது. முட்டு என்ற சொல்லுக்கு நேரான மருந்து அது. பெக்கிளோமெதசோன், பியூடெசொனைட் முதலிய உள்ளிழுக்கும் ஸ்டெரொயிட்டுகளோ அழற்சியைத் தணிப்பவை. அவற்றின் பயன் தெரிய நாட்களும் வாரங்களும் செல்லும். சுகமாயிருக்கும் நாளிலும் தவறாது எடுக்கவேண்டும். பெயரில்லாத நோய்க்குப் பலன் தெரியாத மருந்து! நோயாளர் அதனைக் கைவிட்டு நீலநிறப் 'பம்'மை மட்டும் பற்றிக்கொள்வதில் வியப்பில்லை. இதன் விளைவு சிறியதன்று. ஐக்கிய இராச்சியத்தில் 195 தொய்வு மரணங்களை ஆராய்ந்து 2014 இல் வெளியிடப்பட்ட தேசிய மீளாய்வில், உடனடி ஆறுதல் மருந்தின் பெறுகை விபரம் கிடைத்த 165 பேருள் 65 பேர், இறப்பதற்கு முந்திய ஓராண்டில் 12 க்கும் மேற்பட்ட பம்களைப் பெற்றிருந்தமை தெரியவந்தது. 2019 ஆம் ஆண்டிலிருந்து, தொய்வு பற்றிய சர்வதேச வழிகாட்டிக் குழுவும், வளர்ந்தோர்க்கும் கட்டிளம் பருவத்தினர்க்கும் ஆறுதல் மருந்தைத் தனித்து வழங்குவதை ஏற்பதில்லை. அழற்சித் தணிப்பு மருந்தும் உடன் இருக்கவேண்டும் என்கிறது.

ஆகவே இரண்டாவது மருந்தைக் கையளிக்கும் தாதி, மருந்தோடு ஒரு கருத்தையும் கையளிக்கவேண்டியவராகிறார். அடுப்பு அணைந்தபின்னும் சாம்பலுக்குள் தணல் கிடப்பதுபோல முட்டு விட்டபின்னும் குழாய்க்குள் வேக்காடு கிடக்கிறது என்று ஒரு தாதி விளக்கக் கேட்டோம். 'அழற்சி' என்ற கலைச்சொல் செய்யாததை 'வேக்காடு' என்ற சொல் செய்தது. விறகடுப்பில் வாழ்நாளைக் கழித்த பெண்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அந்த அடுப்பின் புகையே அவர்களது குழாய்களைச் சீண்டுவதும் என்பதையும் அவர் அதே உவமையைக் கொண்டு சொல்லிமுடித்தார்.

ஸ்டெரொயிட் என்ற பெயரைக் கேட்டதும் எழும் அச்சமும் இங்கு கருதத்தக்கது. உள்ளிழுக்கும் அளவு மைக்கிரோகிராமிற் கணக்கிடப்படுவது. விழுங்கும் பிரெட்னிசலோன் மில்லிகிராமில் அளக்கப்படுவது. இவ்வேறுபாட்டைச் சொல்லாவிடின் அச்சம் தீராது. வாயில் வெண்படலம், குரற்கம்மல் ஆகியன உள்ளிழுக்கும் மருந்தினால் வரக்கூடும். ஒவ்வொரு தடவையும் வாய் கொப்பளித்துத் துப்பினால் அவை பெரிதும் குறையும். "பம் பழகிவிடும்" என்பது மற்றோர் அச்சம். மணப்பேச்சு நடைபெறும் வீடுகளில் பெண்பிள்ளையின் பம் அலுமாரிக்குள் மறைக்கப்படுவதையும் இதனோடு சேர்த்து நோக்கவேண்டும். வீட்டுச் சொத்தும் சீதனமும் பெண்ணின் உடலைப் பண்டமாக மதிப்பிடும் உறவுமுறைக்குள், அவளது மூச்சுங்கூட ஒளிக்கவேண்டிய குறைபாடாகிறது. இத்தகைய வீட்டில் "நாள்தோறும் எடுங்கோ" என்று மட்டும் சொல்வது போதாது. தாயையும் அருகில் இருத்திப் பேசவேண்டியிருக்கும்.

தமிழில் மருத்துவம் பேசுவதற்கான முயற்சி யாழ்ப்பாணத்தில் நேற்றுத் தொடங்கியதன்று. 1847 இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் நிலைகொண்டு, மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார்; உடற்கூற்றியல், மகப்பேற்றியல், இரண வைத்தியம் முதலிய துறைகளின் நூல்களைத் தமிழாக்கினார். அவர் தமிழைத் தேர்ந்ததில் ஒரு பொருளியல் நியாயமும் இருந்தது. ஆங்கிலத்திற் பயின்ற மாணவர் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் சென்றுவிட்டனர். தமிழிற் பயின்றோர் கிராமத்தில் நிற்பர் என அவர் எதிர்பார்த்தார். மதம் பரப்பும் நோக்கத்தை மறந்து அவரைப் போற்றுவது எமது கருத்தன்று. ஆயினும், மொழிக்கும் தொழிற்சந்தைக்கும் உள்ள தொடர்பை எமது பண்டிதர் பலரிலும் தெளிவாக அவர் கண்டிருந்தார் என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

ஆயின் கிறீனும், அவருக்குப் பின் நூறாண்டு கழித்துச் சொற்றொகுதிகள் வெளியிட்ட அரசகரும மொழித் திணைக்களத்தினரும், தமிழ்நாட்டுக் கலைச்சொற் குழுவினரும் பெரும்பாலும் பெயர்ச்சொற்களையே ஆக்கினர். உறுப்புக்குப் பெயர், நோய்க்குப் பெயர், மருந்துக்குப் பெயர். அவை வைத்தியனுக்கும் மாணவனுக்கும் உரியவை. தாதிக்கு வேண்டியது வினைச்சொல், அதிலும் ஏவல்வினை. மூச்சை முழுதும் வெளியே விடுங்கோ; வாயை இறுக்கி மூடுங்கோ; உள்ளே இழுங்கோ; பத்து எண்ணுமட்டும் அடக்குங்கோ; கொப்பளித்துத் துப்புங்கோ. இவ்வைந்து ஏவல்களிலே நோயாளரின் நுரையீரல் தங்கியிருக்கிறது. இவற்றைத் திருத்தமாகவும் ஒரேவிதமாகவும் சொல்வதற்கு எந்தச் சொற்றொகுதியும் துணைசெய்வதில்லை.

ஏவலோடு வரும் ஓர் அடைமொழி தவறினாலும் மருந்து வீணாகும். வாயுவால் விசிறப்படும் பம்மை அழுத்தும்போது மெதுவாக, ஆழமாக, நான்கைந்து விநாடிக்கு இழுக்கவேண்டும். விரைந்து இழுத்தால் மருந்து தொண்டையிலே மோதிப் படிந்துவிடும். கப்ஸ்யூலின் தூளை இழுப்பதற்கான கருவியிலோ வேகமாகவும் வலிந்தும் இழுக்கவேண்டும். மெதுவாக இழுத்தால் தூள் கலைந்து எழாது. ஒரே நோயாளியின் கையில் இவ்விரண்டும் இருப்பது எமது சிகிச்சைக் கூடங்களில் அரிதன்று. இரண்டையும் 'பம்' என்றே அழைத்து, இரண்டுக்கும் "நல்லா இழுங்கோ" என்றே சொல்லி அனுப்புகிறோம். 'நல்லா' என்பது மெதுவாகவா, வேகமாகவா?

தாதியின் காதுக்கு உரிய வேறொரு கடமையும் உண்டு. தொய்வு எவ்வளவு முற்றியுள்ளது என்பதை மதிப்பிட மருத்துவ நூல்கள் கூறும் அடையாளங்களுள் ஒன்று, நோயாளர் ஒரு மூச்சில் ஒரு வாக்கியத்தைச் சொல்லிமுடிக்க இயலாமையாகும். வளர்ந்தோரில் நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு மேற்பட்ட சுவாசம், 110 அல்லது அதற்கு மேற்பட்ட நாடித்துடிப்பு என்பவற்றோடு சமமாக வைத்து எண்ணப்படும் அடையாளம் இது. இவ்விதி ஆங்கிலம் பேசும் நோயாளரை வைத்து எழுதப்பட்டது. ஆங்கிலத்தில் வினை எழுவாயை அடுத்து வந்துவிடும்; மூச்சு அறுந்தாலும் வாக்கியத்தின் நடு எலும்பு எஞ்சும். தமிழில் வினைமுற்று கடைசியில் வருவது. "இரவு... படுக்க... நெஞ்சு..." என்று நிற்கும் நோயாளியிடம் இன்னும் வராதது வினைமுற்றேயாகும். பேச்சுத் தமிழில் வினை இல்லாமலே வாக்கியம் நிறைவதும் உண்டாகையால், குறைவாக்கியம் எது, பேச்சின் இயல்பான சுருக்கம் எது எனப் பிரித்தறியத் தமிழ்ச் செவி வேண்டும். இலக்கண வகுப்பில் எழுவாய் பயனிலை படித்த எவருக்கும் விளங்கக்கூடிய இவ்வுண்மை எமது தாதியர் பாடத்தில் இடம்பெறுதல் தகும்.

இதிலிருந்து நடைமுறை விடயமொன்று எழுகிறது. "முட்டு இருக்கோ?" என்று கேட்டால் "ஓம்" என்று பதில் வரும். அந்த ஓரசைச் சொல்லைச் சாகும் நிலையில் உள்ளவரும் சொல்லிவிடலாம்; நோயின் கடுமை அதற்குள் மறைந்துவிடும். "இரவு என்ன நடந்தது, அம்மா?" என்று கேட்கவேண்டும். நீண்ட விடையை வேண்டும் வினாவே இங்கு கருவி. மேலும், எமது குடும்ப வழக்கப்படி முதியவருக்காக மகனோ மருமகளோ முந்திக்கொண்டு பதில் சொல்வர். அவர்கள் மூச்சுத் தடையின்றி அழகாக வாக்கியம் முடிப்பர். கட்டிலில் இருப்பவர் தலையசைப்பார். அவர்களைச் சற்றுப் பொறுக்கச் சொல்லி நோயாளியின் வாயிலிருந்தே கேட்பது மரியாதைக் குறைவன்று. இரைச்சல் ஓய்ந்துவிட்டது என்று உறவினர் ஆறுதலடையும் வேளையும் ஆபத்தானதே. காற்றே புகாதபோது இரைச்சலும் கேளாது. நோயாளி சோர்ந்து தூங்குவதுபோலக் கிடப்பார். அது தேறுதலின் அடையாளமன்று; வைத்தியரை உடனே அழைக்கவேண்டிய வேளை அது.

ஏனைய மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாகக் கூறலாம். சல்பியூட்டமோலைப் புகையாக்கிக் கொடுக்கும்போது கைநடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் வரும். முன்னும் பின்னும் நாடியைப் பார்க்கவேண்டும். மீண்டும் மீண்டும் கொடுக்கையில் குருதியின் பொற்றாசியம் குறையும். இரத்த அழுத்தத்துக்கோ வேறெதற்கோ புரொப்பிரனலோல் வகை மருந்து எடுக்கிறாரா, அஸ்பிரின் ஒத்துக்கொள்கிறதா என்று கேட்காமல் விடலாகாது. பிரெட்னிசலோனைக் காலையில் உணவின் பின் கொடுக்கவேண்டும். நீரிழிவுள்ளவரின் குருதிச் சீனி ஏறும். நெடுநாள் எடுத்தவர் திடீரென நிறுத்தக்கூடாது. மொன்ரிலுகாஸ்ற் பெறும் பிள்ளையின் தூக்கம், மனநிலை, நடத்தை ஆகியவற்றில் மாற்றம் உண்டோ எனப் பெற்றோரிடம் வினவவேண்டும். 2020 இல் அமெரிக்க நிர்வாகம் அம்மருந்துக்கு மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தமை இதன்பொருட்டே.

தியோபிலின் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். விலை மலிவாதலால் ஏழை நாடுகளில் நிலைத்துவிட்ட மருந்து இது. பயன்தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. குமட்டல், வாந்தி, படபடப்பு என்பன முதல் அடையாளங்கள். முற்றினால் வலிப்பும் வரும். புகைபிடிப்பவரின் ஈரல் இதனை விரைந்து சிதைத்துவிடுகிறது. ஆகவே அவருக்குக் கூடிய அளவு தேவைப்படும். யாழ்ப்பாணத்துச் சுருட்டைப் பற்றி நாம் விரித்துக் கூறத் தேவையில்லை. வாழ்நாள் முழுதும் சுருட்டுப் பிடித்த முதியவர் விடுதியிற் சேர்க்கப்பட்டதும் சுருட்டு நின்றுபோகிறது. குளிசையின் அளவு மாறாதிருக்கிறது. சில நாட்களில் குருதியில் மருந்து ஏறுகிறது. எரித்திரோமைசின், சிப்ரோபுளொக்ஸசின் ஆகிய கிருமிக்கொல்லிகளும் சேர்ந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். "சாப்பாடு பிடிக்கேல்லை, ஓங்காளிக்குது" என்று அவர் கூறுவதை விடுதிச் சாப்பாட்டின் குறையாக எடுத்துக்கொள்ளாத தாதி ஓர் உயிரைக் காக்கிறார். வீட்டில் தியோபிலின் விழுங்கிவந்தவருக்கு அமினோபிலினை ஊசிமூலம் ஏற்றும் கட்டளை வந்தால், அதைக் கேள்விக்குட்படுத்தும் உரிமையும் கடமையும் தாதிக்கு உண்டு.

இந்நாட்டில் மருந்தின் பெயர் ஓர் அரசியற் பிரச்சினையாகவும் இருந்திருக்கிறது. மார்க்சியவாதியான பேராசிரியர் சேனக பிபிலே, கம்யூனிஸ்ட் தலைவரான வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து ஆக்கிய அறிக்கையின் அடிப்படையில் 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. இறக்குமதியாகிய ஈராயிரத்துக்கு மேற்பட்ட மருந்து வகைகள் ஏறத்தாழ 600 ஆகக் குறைக்கப்பட்டன; வணிகப் பெயருக்குப் பதிலாக மூலப்பெயரால் மருந்தை வழங்கும் கொள்கை முன்வைக்கப்பட்டது. பிபிலே 1977 இல் கயானாவிற் காலமானார். பன்னாட்டு நிறுவனங்களின் எதிர்ப்பின் முன் அக்கொள்கை முழுமையாக நிலைக்கவில்லை. மலிவு மட்டுமே அதன் பயன் என எண்ணுவோர், அரியாலையின் வீடொன்றில் மருந்துப் பையைத் திறந்து பார்க்கட்டும். அரச சிகிச்சைக் கூடத்தில் மூலப்பெயரோடு தந்த பம்மும், நகரத்துத் தனியார் மருந்துக்கடையில் வணிகப் பெயரோடு வாங்கிய பம்மும் ஒரே மருந்தாயிருக்கும். இரண்டையும் இருவேறு மருந்தெனக் கருதி இரண்டையும் எடுத்திருப்பர். பையைத் திறப்பித்துப் பார்ப்பது தாதியின் முதல் வேலையாக இருக்கவேண்டும்.

போர்க்காலத்தை விட்டுவிட்டு இக்குடாநாட்டின் மூச்சைப் பற்றிப் பேச இயலாது. 1990 ஐ அடுத்த ஆண்டுகளில் மின்சாரம் இல்லை, மின்கலம் தடைசெய்யப்பட்ட பொருள், மருந்தும் தட்டுப்பாடு. மண்ணெண்ணெயில் ஓடிய வாகனங்களின் புகையும், ஜாம் போத்தல் விளக்கின் கரியும் தொய்வுக்காரரின் நெஞ்சிற் படிந்தன. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் அரியாலையின் கண்டி வீதி வழியே நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் நகர்ந்தபோது, முட்டுக்காரருக்கும் வேறு வழி இருக்கவில்லை. மின்சாரத்தை நம்பிய புகைக்கருவி அத்தகைய நாளில் வெறும் பெட்டி. 1999 இல் தென்னாபிரிக்காவின் கேப் ரவுண் ஆய்வாளர்கள், 500 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் போத்தலின் அடியில் பம் இறுகப் பொருந்துமாறு துளையிட்டுச் செய்த கூடு, சிறுவரில் விலைகூடிய இடைக்கருவிக்கு நிகராகப் பயன்தந்ததைக் காட்டினர். அழுத்துவதும் இழுப்பதும் ஒரே கணத்தில் நிகழவேண்டிய சிரமத்தை அக்கூடு நீக்கிவிடுகிறது; குழந்தைக்கும் கைநடுங்கும் முதியவருக்கும் அதுவே உகந்தது. இச்செய்தி எமக்குப் பத்தாண்டு முந்திக் கிடைத்திருக்கலாகாதா என்ற ஆதங்கம் எழுகிறது.

2020 மார்ச்சில் அரியாலையில் நடைபெற்ற ஒரு மத ஆராதனையோடு யாழ்ப்பாணத்தின் முதற் கொரோனாத் தொற்று தொடர்புபட்டதும், இவ்வூரின் பெயர் நாடு முழுதும் அச்சத்தோடு உச்சரிக்கப்பட்டது. புகையாக்கும் கருவி தொற்றைப் பரப்பலாம் என்ற காரணத்தால் இடைக்கருவியோடு கூடிய பம்மே விரும்பப்பட்டது. ஊரடங்கின்போது சிகிச்சைக் கூட மருந்துகள் தபால் மூலமும் வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. போற்றத்தக்க ஏற்பாடு, ஆயினும் பொதியோடு சொல்லிக்கொடுப்பவர் வரவில்லை. 2022 இன் பொருளாதார நெருக்கடியிலோ மருந்தே வரவில்லை. ஒரு கம்பனியின் பம் கிடைக்காதபோது வேறொன்று, வேறு கருவியோடு, வேறு செய்முறையோடு கொடுக்கப்பட்டது. கருவி மாறும் ஒவ்வொரு தடவையும் பாடம் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

அப்பாடத்துக்கு நேரம் எங்கே என்பது தாதியரின் கேள்வி. விடுதிப் பதிவேட்டில் மருந்து கொடுத்தமைக்கு நிரல் உண்டு. கற்பித்தமைக்கு நிரல் இல்லை. கணக்கில் வராத உழைப்புக்கு ஆளணியும் ஒதுக்கப்படுவதில்லை. பெண்கள் செய்யும் வேலைகளுள் பேச்சினால் ஆகும் வேலை எப்போதும் உழைப்பாக எண்ணப்படாமற்போகும் வழமையே இங்கும் தொழிற்படுகிறது. ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம் என்றாலும், நாற்பது பேர் காத்திருக்கும் கூடத்தில் அது மூன்று மணித்தியாலத்துக்கு மேல். காத்திருப்போரும் கூலிநாள் ஒன்றை இழந்து வந்தவர்களே.

மூதாட்டியின் வீட்டுக்கு மறுமாதம் மீண்டும் சென்றோம். அயலிலுள்ள இளம் தாதி ஒருத்தி, தன் ஓய்வுநாளில் வந்து, முற்றத்துக் கதிரையில் இருத்திச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். குளிசை என்ற சொல்லை அவள் பயன்படுத்தவில்லை, "மாக்கூடு" என்றிருக்கிறாள். மூதாட்டி எமக்குச் செய்துகாட்டினார். மூச்சை வெளியே விட்டு, கருவியைப் பல்லிடையே வைத்து, விரைந்து இழுத்தபோது உள்ளே கூடு கிலுகிலுத்தது. "இந்தச் சத்தம் கேக்காட்டி உள்ள போகேல்லையெண்டு மிஸ்ஸி சொன்னவ" என்றார். பிறகு செம்பை எடுத்து வாய் கொப்பளித்து, வாழையடியில் துப்பினார்.